குருதியும் கூழும்

பெண் பிள்ளை பருவமெய்திய நாளை நம் ஊரார் அனைவரும் அறிவர். தாய்மாமன் வீட்டுச் சீர் வரும், பச்சை ஓலையில் குச்சு கட்டுவர், நீராட்டுவர், நாளும் நேரமும் குறித்து வைப்பர். ஆண் பிள்ளைக்கு அத்தகைய நாள் ஒன்று இல்லை. ஒருநாள் அவன் குரல் கரகரக்கிறது. மேலுதட்டில் பூனைமயிர் கறுக்கிறது. சென்ற தீபாவளிக்குத் தைத்த காற்சட்டை முழங்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது. "பையன் வளர்ந்துவிட்டான்" என்று தாய் சொல்லுகிறாள். அத்தோடு சடங்கு முடிந்தது.

ஆயினும் நம் முன்னோர் இதனைக் கவனியாமல் விட்டாரல்லர். ஆண்மகனின் பருவங்களுக்குப் பாட்டியல் நூலோர் பெயரிட்டு வயதெல்லையும் வகுத்துள்ளனர். 7 வயதுவரை பாலன், 10 வரை மீளி, 14 வரை மறவோன், 15-இல் திறலோன், 16-இல் காளை, அதன்பின் 30 வரை விடலை, அதற்கு மேல் முதுமகன். 7 வயதுக்குப்பின் ஒன்பது ஆண்டுகளுக்குள் நான்கு பெயர்கள். அடுத்த பதினான்கு ஆண்டுகளுக்கு ஒரே பெயர். சிறுவன் விரைந்து மாறும் காலம் எது என்பதை இக்கணக்கே காட்டுகிறது அன்றோ? ஆனால் எல்லாச் சிறுவரும் ஒரே வயதில் இப்படிகளை ஏறுவதில்லை. ஒருவன் முந்துவதும் மற்றொருவன் பிந்துவதும் ஏன்? இவ்வினாவின் வரலாற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதனை எனக்குக் கற்பித்தவர்கள் இரட்டைப் பிள்ளைகள் இருவர்.

1988-ஆம் ஆண்டு. பந்தல்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில், உயர்நிலைப் பள்ளியில் நான் உதவி ஆசிரியனாக இருந்தேன். என் ஒன்பதாம் வகுப்பில் இரட்டையர் இருவர் பயின்றனர். தந்தைக்குக் கரிசலில் சில ஏக்கர் மானாவாரி நிலம். மல்லியும் பருத்தியும் போடுவார். மூத்தவன் அவ்வாண்டில் மளமளவென்று உயர்ந்தான், குரல் தடித்தது, அரும்பு மீசையும் தோன்றிற்று. இளையவனோ ஆறாம் வகுப்பில் எப்படி இருந்தானோ அப்படியே முதல் வரிசையில் அமர்ந்திருந்தான். பிறந்த நேரத்தில் இருவருக்கும் வேறுபாடு அரைமணியே.

ஒருமுறை பெற்றோர் இருவரும் பள்ளிக்கு வந்தபோது இதுபற்றிக் கேட்டேன். "அவன் எங்க மச்சினன் வழி, சார். அந்த வீட்டில் எல்லாருமே பிந்தித்தான் வளருவாங்க" என்றார் தந்தை. தாயோ, "ரெண்டு பிள்ளைக்கும் பால் பத்தலை, சார். அந்தக் குறைதான்" என்றார். தந்தை குருதியைச் சொன்னார். தாய் கூழைச் சொன்னார். உலகத்து அறிஞர்கள் நெடுங்காலமாக நடத்திவரும் வழக்கின் இரு கட்சிகளும் அன்று என் மேசைக்கு முன் நின்றன. நான் அதை உணரவில்லை. அவ்விளையவனுக்கு நான் செய்த பிழையைப் பின்னர்ச் சொல்லுவேன். முதலில் அவ்வழக்கின் வரலாற்றைக் காண்போம்.

வளர்ச்சியை அறிய வேண்டுமானால் முதலில் அளக்க வேண்டும். பிரான்சு நாட்டில் மாண்ட்பெய்யார் என்னும் பிரபு 1759-இல் தமக்குப் பிறந்த மகனை, 1777-ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ ஆறு திங்களுக்கு ஒருமுறை அளந்து குறித்துவைத்தார். அவர்தம் நண்பரும் இயற்கை நூலறிஞருமான புஃபான் அக்குறிப்பைத் தம் பெருநூலில் சேர்த்து வெளியிட்டார். ஒரே பிள்ளையைப் பிறப்பு முதல் பதினெட்டு வயதுவரை தொடர்ந்து அளந்த பதிவுகளுள் மிகப் பழையது அதுவே. குழந்தைப் பருவத்திலிருந்து ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வரும் வளர்ச்சி வேகம், விடலைப் பருவத்தின் வாயிலில் திடீரெனப் பாய்ந்து ஏறிப் பின் அடங்குவதை அக்கணக்கு காட்டிற்று.

அந்தப் பாய்ச்சல் ஒருவனுக்கு முந்தியும் ஒருவனுக்குப் பிந்தியும் வருவது பிறப்பாலா, வளர்ப்பாலா? இத்தகைய வினாக்களுக்கு இரட்டையரைச் சான்றாகக் கொள்ளலாம் என்று 1875-இல் எழுதியவர் இங்கிலாந்து நாட்டு ஃபிரான்சிஸ் கால்டன். இரட்டையர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் வினாக்கள் எழுதி அனுப்பி, விடைகளைத் தொகுத்து, பிறப்பின் வலிமையே பெரிது என்று அவர் முடிவு கட்டினார். அம்முடிவில் அவருக்கிருந்த பற்று அளவு கடந்தது. மேலான குருதியைப் பெருக்கிக் கீழான குருதியைக் குறைக்க வேண்டும் என்னும் கொள்கைக்கு 1883-இல் பெயர் சூட்டியவரும் அவரே. அக்கொள்கை இருபதாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் எத்தகைய கொடுமைக்குத் துணைபோயிற்று என்பதை உலகம் அறியும். 'குருதி' என்னும் சொல்லை எடையறிந்து வழங்க வேண்டும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

கால்டன் எழுதிய மறு ஆண்டு, நம் பக்கத்தில் தாது வருடம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சத்தை, எங்கள் வறண்ட சீமையின் முதியோர் அப்பெயராலேயே நினைவுகூர்ந்து வந்தனர். நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமே போதும் என்றார் மேலதிகாரியாக வந்த ரிச்சர்டு டெம்பிள். அது உயிர் காக்கப் போதாது என்று வாதாடினார் மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ். லண்டனில் பிறப்பின் வலிமை பேசப்பட்ட நாளிலேயே இங்கு உணவின் வலிமை உயிரை விலையாகக் கொண்டு உணர்த்தப்பட்டது.

கால்டனின் முறையில் ஒரு குறை இருந்தது. இரட்டையருள் இருவகை உண்டு. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறப்போர் ஒருகரு இரட்டையர். அவர்தம் மரபுக்கூறுகள் முற்றும் ஒன்றே. இரு கருக்கள் ஒரே காலத்தில் வளர்ந்து பிறப்போர் இருகரு இரட்டையர். அவர்கள் சராசரியாகப் பாதி மரபையே பொதுவாகப் பெற்றவர்கள். ஏனைய அண்ணன் தம்பியரைப் போன்றவர்களே. இவ்விரு வகையினரையும் முறையாக ஒப்பிட்டு நோக்கும் வழியை 1924-இல் ஜெர்மன் மருத்துவர் சீமன்ஸ் வகுத்தளித்தார். அதன் கருத்து எளியது. இரு வகையினரும் தத்தம் வீட்டில் ஒரே கூரையின்கீழ், ஒரே பானையில் உண்டு வளர்கின்றனர். அவ்வாறிருக்க, ஒருகரு இரட்டையர் ஏனையோரினும் மிகுதியாக ஒத்திருப்பாராயின், அம்மிகுதி மரபால் வந்தது என்று கொள்ளலாம்.

பெண்பாலாரை ஆராய்வது எளிதாயிருந்தது. கேட்டால் சொல்ல ஒரு நாள் உண்டு. நாளில்லாத ஆண்பிள்ளையை எவ்வாறு ஆராய்வது? இங்கிலாந்தில் ஜேம்ஸ் டானர் என்னும் மருத்துவ அறிஞர், ஹார்ப்பெண்டன் என்னும் ஊரிலிருந்த குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளை 1940-களின் இறுதி தொடங்கி ஆண்டுக்கணக்கில் அளந்தார். ஆண்பிள்ளையின் உடல் மாற்றங்களை ஐந்து படிகளாக வகுத்தார். அவ்வில்லத்துச் சிறுவர் 228 பேரின் கணக்கை மார்ஷல் என்பாருடன் சேர்ந்து 1970-இல் வெளியிட்டார். மாற்றம் சிலருக்கு ஒன்பதரை வயதிலேயே தொடங்கிற்று. சிலருக்குப் பதின்மூன்றரை வயதில்தான் தொடங்கிற்று. தொடங்கியபின் முடிவதற்குச் சிலருக்கு இரண்டாண்டும் ஆகவில்லை. சிலருக்கு ஐந்தாண்டை ஒட்டியது. ஆசிரியர்களே, இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரே வகுப்பில், ஒரே வயதுடைய இருவரில், ஒருவன் முற்ற வளர்ந்து முடித்திருப்பான். மற்றவன் இன்னும் தொடங்கியே இருக்கமாட்டான். இருவருமே நோயற்ற பிள்ளைகள்!

இந்த அளவுகோல் கிடைத்தபின் இரட்டையர் ஆராய்ச்சி விரைந்தது. 1960-களில் ஸ்வீடன் நாட்டில், ஸ்டாக்ஹோம் ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்தோர், 300-க்கு மேற்பட்ட இரட்டையர் இணைகளையும் அவர்தம் வகுப்புத் தோழரையும் பத்து வயது முதல் ஆண்டுதோறும் பள்ளிகளிலேயே அளந்துவந்தனர். ஒருகரு இரட்டையர் விடலைப் பருவத்தைக் கடக்கும்போதும் ஒருவரையொருவர் நெருங்கியே சென்றனர். இருகரு இரட்டையரோ அப்பருவத்தில் விலகிச் சென்றனர். பின்லாந்து நாட்டில் 1983 முதல் 1987 வரை பிறந்த இரட்டையரிடம், அவர்தம் 11, 14 வயதுகளில் உடல் மாற்றங்களைக் கேட்டறிந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வும் மரபின் பெரும்பங்கை உறுதிசெய்தது. பருவமெய்தும் காலத்தில் ஒருவர்க்கொருவர் உள்ள வேறுபாட்டில் 50 முதல் 80 விழுக்காடு மரபால் வருவது என்பது இத்துறையார் பொதுவாகக் கூறும் கணக்கு. மூளையின் அடிப்பகுதி விட்டுவிட்டுச் சுரக்கும் ஒரு சிறு தூதுப்பொருள் பிட்யூட்டரிச் சுரப்பியை எழுப்ப, அது விதைகளை எழுப்ப, அவை ஆண்மைச் சுரப்பைப் பெருக்குகின்றன. இச்சங்கிலியின் முதற்கண்ணி எப்போது அசைய வேண்டும் என்பதில் பற்பல மரபணுக்களுக்குப் பங்குண்டு.

அப்படியாயின் தந்தை வென்றார், தாய் தோற்றார் என்று தீர்ப்பளித்துவிடலாமா? சற்றுப் பொறுங்கள். எதிர்க்கட்சிச் சான்றையும் கேட்க வேண்டும்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துப் பள்ளியொன்றில் இசைமேதை பாக் ஆசிரியராயிருந்தார். அவருடைய பாடகர் குழுச் சிறுவர்கள் எப்போது உச்சக்குரலை இழந்தனர் என்பதை, 1727 முதல் 1749 வரையிலான பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்த ஒருவர் 1970-இல் எழுதினார். அக்காலத்தில் குரல் உடையும் வயது பதினாறைத் தாண்டியிருந்தது. நாட்டில் போர் நிகழ்ந்த 1740-களில் அது மேலும் பிந்திற்று. 1994 முதல் 2003 வரை டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரப் பாடகர் பள்ளியில் கணித்தபோதோ அவ்வயது பதினான்கை ஒட்டியிருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளில் ஐரோப்பியரின் குருதி அவ்வளவு மாறிவிடவில்லை. மாறியவை உணவும் நோய்த்தடுப்பும் வாழ்க்கை வசதியுமே.

குரல் உடையும் காலம் நம் நாடகக் கலைஞர்க்கும் பெருங்கவலையாயிருந்ததை மூத்த நேயர்கள் அறிவீர்கள். 'மகரக்கட்டு' என்பது அவர்கள் அஞ்சிய சொல். 1918-இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைக் கொண்டே நாடக சபை ஒன்று நிறுவினார். இத்தகைய பாலர் குழுக்களில் பெண் வேடமும் சிறுவர்க்கே. பாட்டில்லாமல் நாடகம் இல்லை. மகரக்கட்டு வந்துவிட்டால், நேற்றுவரை நாயகியாய்ப் பாடிய சிறுவன் இன்று என்ன வேடம் போடுவான்? உடலின் காலக்கணக்கு ஒரு சிறுவனின் பிழைப்பையே மாற்றியது. அக்குழுக்களில் சேர்ந்த பலரை அங்கே அனுப்பியதும் பசிதான். தமையன் சக்கரபாணியுடன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்த எம்.ஜி.ஆர். அவர்களும் அவருள் ஒருவர்.

உணவுக்கும் வளர்ச்சிக்கும் உள்ள தொடர்பு நம் மண்ணிலேயே ஆராயப்பட்டது. நீலகிரியின் குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிய உணவாராய்ச்சி நிலையம் உலகப் புகழ் பெற்றது. அவருக்குப் பின் தலைவராயிருந்த அய்க்ராய்டும் அவருடைய உடனாய்வாளர் கிருஷ்ணனும், பள்ளிப் பிள்ளைகளின் வழக்கமான உணவோடு கொழுப்பு நீக்கிய பாலைச் சேர்த்துக் கொடுத்து, அவர்கள் உயரத்திலும் எடையிலும் கூடுவதை 1937-இல் காட்டினர். அந்நிலையம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிற்று. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே. ஐதராபாத்தைச் சுற்றிய சிற்றூர்ச் சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து அளந்த அந்நிறுவனத்தார், 1980-இல் வெளியிட்ட முடிவு நம் வழக்குக்கு மிக நெருங்கியது. ஐந்து வயதில் உணவுக் குறைவால் குறுகிப்போன சிறுவர்க்கு விடலைப் பருவத்துப் பாய்ச்சல் பிந்தியே வந்தது. பாய்ச்சல் வந்தபின்னும், குழந்தைப் பருவத்தில் இழந்த உயரம் முழுவதும் மீளவில்லை.

ஆகவே தாயும் தோற்கவில்லை. இரு கட்சியும் எவ்வாறு வெல்லும் என்று கேட்பீர்கள். எங்கள் கரிசல் காடு இதற்கு விடை சொல்லும். பருவமழை தவறாத ஆண்டில், குட்டைச் சோளம் குட்டையாகவும் நெட்டைச் சோளம் நெட்டையாகவும் நின்று, விதையின் குணத்தைத் தெளிவாகக் காட்டும். மழை பொய்த்த ஆண்டிலோ எந்த விதையாயினும் முழங்கால் உயரத்தில் கருகி நிற்கும். ஒரு காட்டுக்குள்ளே பயிருக்குப் பயிர் காணும் வேறுபாடு விதையின் கணக்கு; நல்ல ஆண்டுக்கும் பஞ்ச ஆண்டுக்கும் உள்ள வேறுபாடு மழையின் கணக்கு. பின்லாந்திலும் ஸ்வீடனிலும் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளும் வயிறார உண்டனர்; ஆதலின் அங்கே விதையின் குணம் மேலோங்கித் தெரிந்தது. அக்கணக்கை எடுத்துவந்து, பசித்த ஊரின் குறுகிய பிள்ளைகளைப் பார்த்து "இது இவர்கள் குருதி" என்று சொல்வது அறிவும் ஆகாது, அறமும் ஆகாது.

நம்முடைய வினா உண்மையில் ஒன்றன்று, இரண்டு. ஒரே பானையில் உண்ட அண்ணனும் தம்பியும் ஏன் வேறுபட்டனர்? பெரும்பாலும் குருதியால். ஒரு தலைமுறை முழுவதும் அடுத்த தலைமுறையினும் ஏன் குறுகிப் பிந்தி வளர்ந்தது? பெரும்பாலும் கூழால். இரண்டு விடைகளில் எதிலும் அச்சிறுவன் செய்த குற்றம் என்று ஒன்றுமே இல்லை.

கூழின் கணக்கைத் திருத்த நம் மாநிலம் செய்த முயற்சி வரலாற்றில் இடம்பெறத் தக்கது. 1920-இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியொன்றில் பகலுணவு வழங்கத் தொடங்கியது. எங்கள் விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராயிருந்தபோது, 1956-இல் மதிய உணவு மாநிலமெங்கும் பரவும் திட்டமாயிற்று. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். இளமையில் தாம் கண்ட பசியையே அதற்குக் காரணமாகக் கூறினார். 2022-இல் காலை உணவுத் திட்டமும் மதுரையில் தொடங்கப்பட்டது. 1960-களில் மதிய உணவு உண்டு படித்தவர்களில் நானும் ஒருவன். கேர் நிறுவனம் அனுப்பிய மக்காச்சோள மாவில் கிண்டிய உப்புமாவின் மணம் இன்றும் என் நினைவில் நிற்கிறது. அதற்காகவே பள்ளிக்கு வந்தவர்கள் எங்களில் பலர்.

இனி என் பிழையைச் சொல்ல வேண்டும். அவ்விரட்டையரின் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது, இளையவன் பெயர் வந்தால் மூத்தவனைப் பார்த்து, "இவன் உன் தம்பியா, மகனா?" என்று கேட்பேன். வகுப்பு சிரிக்கும்; நானும் சிரிப்பேன். கபடிக் குழுவுக்குப் பெயர் எழுதும்போது அவனைக் கேளாமலே விடுவேன். அவ்வாண்டு பொங்கல் விடுமுறைக்குப்பின் மூத்தவன் மட்டும் வந்தான். இளையவனை வடக்கே ஒரு பலகாரக் கடைக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னான். "படிக்க மாட்டேன்னு அழுதான், சார்" என்றான். காரணம் அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, அருப்புக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் உயரமான இளைஞன் ஒருவன் என் பையை வாங்கிக்கொண்டு வணங்கினான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் ஊரையும் அண்ணன் பெயரையும் சொன்ன பிறகே அறிந்தேன். அண்ணனைக் காட்டிலும் அவன் நாலு விரற்கடை உயர்ந்திருந்தான். "பதினேழு வயசுல ஒரே வருசத்தில் வளர்ந்துட்டேன், சார். கொஞ்சம் பொறுத்திருந்தா படிச்சிருப்பேன்" என்றான். அவன் தன்னைத்தான் சொன்னான். எனக்கோ அது என்னைச் சொன்னதாகவே கேட்டது. அவன் தந்தை மச்சினன் வழி என்று சொன்னது எவ்வளவு சரியானது! பிந்தி வளரும் பிள்ளைகள் பலருடைய குடும்பத்தில் தந்தையோ மாமனோ அவ்வாறே பிந்தி வளர்ந்தவர்களாக இருப்பர் என்பதை மருத்துவ நூல்களும் கூறுகின்றன. பெற்றவருக்குத் தெரிந்த அவ்வுண்மையை, பயிற்சி பெற்ற ஆசிரியனாகிய நான் காதில் வாங்கவில்லை.

தலைமையாசிரியனானபின், எனக்கு வாய்த்த பள்ளிகளில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினேன். ஆண்டுக்கு இருமுறை, சூன் திங்களிலும் சனவரித் திங்களிலும், ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் அளந்து குறிப்பேட்டில் எழுதச் செய்தேன். ஒருவன் அளவை மற்றொருவன் அளவோடு ஒப்பிடுவதில்லை. அவனுடைய சென்ற முறை அளவோடு மட்டும் ஒப்பிடுவோம். பிந்தி வளரும் பையனை அழைத்து, "உன் முறை வரும்" என்று தனியே சொல்லுவோம். பதினான்கு வயது நிறைந்தும் மாற்றத்தின் அறிகுறி சற்றும் தோன்றாவிட்டாலும், ஒன்பது வயதுக்கு முன்பே தோன்றிவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுமாறு பெற்றோருக்குக் கூறுவோம். வளர்ச்சி நின்று எடையும் குறைந்தால் வயதைப் பாராமல் காட்டச் சொல்லுவோம். இடைப்பட்ட வேறுபாடுகளில் மிகப் பெரும்பாலானவை நோயல்ல; காலக்கணக்கே.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர்களே! பிள்ளையின் குருதி நம் கையில் இல்லை. அவன் தட்டில் விழும் சோறு ஓரளவு நம் கையிலும் ஓரளவு நாட்டின் கையிலும் இருக்கிறது. அவனைப் பார்த்து நாம் பேசும் சொல்லோ முற்றும் நம் கையில் இருக்கிறது. நாளை வகுப்பில் முதல் வரிசைச் சிறுவனின் பெயரை அழைக்கும்போது இதனை நினைவிற் கொள்ளுங்கள்.